ஒன்பதாவது காப்பி

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். டைட்டில் அக்கா விஷயத்தில் காசு கூடப் பெரிதாகச் செலவாகவில்லை. ஒரு பென்சில், ஒரு ரப்பர், நாற்பது பக்க நோட்டு ஒன்று, அவ்வளவுதான்.

படம் முடிந்ததும் திரையில் கீழிருந்து மேலே ஒரு பெயர்ப் பட்டியல் ஓடுமே, அதை அடித்துக் கொடுப்பதுதான் அவள் வேலை. பதினைந்து வருஷமாக ஒரே கம்பெனி, மூன்றாவது மாடியில் ஒரே நாற்காலி. நாற்காலியின் சக்கரங்களைத்தான் இரண்டு தடவை மாற்றியிருந்தார்கள். ஜனங்கள் எழுந்து குடையையும் பையையும் தேடுகிற நேரத்தில் ஓடுகிற எழுத்து அது, ஒருத்தரும் படிப்பதில்லை. ஆனால் ஒரு எழுத்து தப்பிவிட்டால், அந்தப் பெயருக்கு உரியவர் மட்டும் தவறாமல் படித்திருப்பார். மறுநாள் காலையில் போன் வந்துவிடும்.

பெயர்கள் கூட அவளுக்குப் பழகிவிட்டன. தலைவலி கொடுத்தது இங்கிலீஷ்தான். ஒரே வார்த்தையை ஒரு நாட்டில் ஒரு விதமாகவும் இன்னொரு நாட்டில் வேறு விதமாகவும் எழுதுகிறார்கள். கலருக்கு நடுவில் யூ உண்டு என்பவர்கள் ஒரு கட்சி, வேண்டாம் என்பவர்கள் இன்னொரு கட்சி. தியேட்டரின் கடைசி இரண்டு எழுத்தில் ஆர் முந்தியா, ஈ முந்தியா என்று ஒரு தகராறு. ஜுவல்லரிக்கு எல் ஒன்றா இரண்டா, ஆர்கனைசருக்கு எஸ்ஸா இசட்டா? படம் எந்தப் பக்கம் விலை போகிறதோ அந்தப் பக்கத்து எழுத்துதான் சரியான எழுத்து. அவள் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இரண்டு பட்டியலும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன, மாமியாரும் மருமகளும் மாதிரி.

அந்தப் படத்துக்கு வெளிநாட்டு விநியோகஸ்தர் யூ வேண்டாம், எல்லாம் சுருக்கமாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். அதற்கு ஒரே ஒருவர்தான் சண்டைக்கு வந்தார். படத்துக்கு நிறம் சரிசெய்யும் கலரிஸ்ட். ஆபீஸில் அவருக்குக் கலர்காரர் என்று பெயர்.

"அக்கா, என் தொழில் பேர்லேயே ஒரு எழுத்தைப் பிடுங்கிட்டா நான் பாதி ஆள்தானே?" என்று மேஜை முன்னால் வந்து நின்றார்.

"நானா பிடுங்கினேன் தம்பி? விநியோகஸ்தர் கேட்டாரு."

"அப்ப மேடம்கிட்டயே கேக்குறேன்" என்று நேரே, படத்தைத் தயாரிக்கிற முதலாளியம்மா அறைக்குப் போய்விட்டார். உள்ளே பத்து நிமிஷம் சத்தம். வெளியே வரும்போது முகம் சிவந்திருந்தது. யூ வரவில்லை.

முதலாளியம்மாவின் முந்தைய படம், வெளிவருவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே திருட்டுத்தனமாக இணையத்தில் வந்துவிட்டது. யார் விட்டார்கள் என்பது கடைசி வரை தெரியவில்லை. இந்தத் தடவை முன்கூட்டிப் பார்க்க எட்டே பேருக்குத்தான் காப்பி, வேறெதுவும் கட்டிடத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். படத்தின் மேல் ரகசிய முத்திரை போடுகிற ஏற்பாடு அதிகம் செலவு பிடிக்கும் போலிருந்தது. அதைப் பற்றிப் பேசக் கூட்டிய கூட்டத்தில் டீ ஆறிக்கொண்டிருக்க, டைட்டில் அக்கா வாயைத் திறந்தாள். அவளுக்கே தன் தைரியம் ஆச்சரியமாக இருந்தது.

"மேடம், நாலு வார்த்தை இருக்கு. ஒவ்வொண்ணையும் ரெண்டு விதமா எழுதலாம். மாத்தி மாத்திப் போட்டா பதினாறு விதம் வரும். ஒவ்வொரு காப்பிக்கும் ஒரு விதம் குடுத்துருவோம். படம் வெளிய போனா கடைசி டைட்டிலைப் பாத்தா போதும், எந்தக் காப்பின்னு தெரிஞ்சிரும். பாக்குறவங்க சந்தேகமே படமாட்டாங்க. அச்சுப்பிழைன்னு நினைச்சுப்பாங்க, இல்ல நினைக்கவே மாட்டாங்க."

முதலாளியம்மா அவளை முதல் தடவை பார்ப்பதுபோல் பார்த்தார். "கம்ப்யூட்டர்ல எதுவும் வெக்காத. எந்தக் காப்பி யாருதுன்னு ஒரு நோட்டுல எழுதி நீயே வெச்சுக்க" என்றார். பிறகு, "உன் பேர் இதுவரைக்கும் எந்தப் படத்துலயும் வந்ததே இல்லையாமே? இதுல போட்டுக்க" என்றும் சொன்னார்.

எட்டு காப்பி தயாரானது. எட்டு வரிசை, பென்சிலில். நான்காவது கலர்காரருக்கு. அவருடைய மனக்குறையைப் பார்த்து, கலரில் யூ, தியேட்டருக்கு ஆர் முன்னால், ஜுவல்லரிக்கு இரண்டு எல் என்று எல்லாம் அவர் விரும்புகிற பழைய வழியிலேயே போட்டு, ஆர்கனைசரில் மட்டும் இசட் வைத்தாள்.

ஒன்பதாவது ஒன்றும் இருந்தது. அது நோட்டில் இல்லை. எழுத்துகளை மாற்றத் தொடங்குவதற்கு முன்னால் அவள் பள்ளிக்கூடத்தில் படித்தபடி அடித்து, தன் பெயரையும் சேர்த்திருந்த முதல் பட்டியலோடு சேர்ந்த காப்பி அது. நாலு வார்த்தையும் பழைய வழி, யூ, ஆர், இரண்டு எல், எஸ். நானூற்றுப் பன்னிரண்டு பெயரையும் வீட்டு டிவியில் நிதானமாகப் பார்த்து சரிபார்ப்பது அவள் வழக்கம். ஆபீஸில் கண் பழகிப்போய் பிழை தெரியாது. அதனால் பென் டிரைவில் போட்டு கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனாள். எட்டுக்கு மேல் கூடாது என்றது அவளுக்கு ஞாபகம் இல்லாமல் இல்லை. அது மற்றவர்களுக்கான சட்டம் என்று ஒரு நினைப்பு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பட்டியலைச் சரிபார்த்தாள். வண்டி ஓட்டினவர்களுக்கும் சாப்பாடு போட்டவர்களுக்கும் நடுவில் அவள் பெயர் வந்தது. மூன்று விநாடி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த புருஷன் ரிமோட்டை வாங்கி, பின்னால் ஓட்டி, மறுபடி பார்த்தார். சிரித்துக்கொண்டார்.

படம் வெளியாக இருந்தது அதற்குப் பன்னிரண்டு நாள் கழித்து வந்த வெள்ளிக்கிழமை. அந்த வாரம் திங்கட்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு முதலாளியம்மா அறையிலிருந்து போன் வந்தது.

"நோட்டை எடுத்துட்டு வா."

அந்தக் குரலிலேயே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. உண்மையைச் சொன்னால், அந்த அறைக்கு நடக்கும்போது அவளுக்குள் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது. தன் பொறியில் எலி விழுந்துவிட்டது, யாரென்று இப்போது தான்தான் சொல்லப் போகிறோம் என்ற பெருமை.

அறையில் முதலாளியம்மா மட்டும் இருந்தார். மேஜைமேல் இருந்த கம்ப்யூட்டரில் திருட்டுக் காப்பி ஓடிக்கொண்டிருந்தது. விடிகாலையில் வந்திருக்கிறது, இதற்குள் எத்தனை பேர் இறக்கிவிட்டார்களோ தெரியாது என்றார். கோபமா அழுகையா என்று பிரிக்க முடியாத குரல். கடைசிப் பகுதிக்கு ஓட்டி, "பாரு" என்று நாற்காலியைத் தள்ளினார்.

டைட்டில் அக்கா பென்சிலைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பெயர்கள் ஏறின.

கலர், யூ இருந்தது. சரி, எட்டில் நாலு பேர்தான் மிச்சம்.

தியேட்டர், ஆர் முன்னால். இரண்டு பேர்.

ஜுவல்லரி, இரண்டு எல். ஒருத்தர்தான். கலர்காரர். ஐயோ, அவரா என்று மனசு சொன்னது.

ஆர்கனைசர் வந்தது. எஸ்.

அவள் திரையை நிறுத்திப் பார்த்தாள். பின்னால் ஓட்டி மறுபடி பார்த்தாள். எஸ்தான். பாம்பு மாதிரி வளைந்த எஸ். நோட்டில் இருக்கிற எட்டு வரிசையிலும் இப்படி ஒன்று கிடையாது. உலகத்திலேயே ஒரே ஒரு காப்பியில்தான் இந்த நாலும் சேர்ந்து இருக்கும். அது இந்த நிமிஷம் அவள் வீட்டு டிவி மேஜையின் இழுப்பறையில் கிடக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

காதுக்குள் ஏதோ மெஷின் ஓடுகிற சத்தம். பென்சில் விரலுக்கிடையிலிருந்து நழுவித் தரையில் உருண்டது. குனிந்து எடுத்தால் அப்படியே விழுந்துவிடுவோம் என்று பயந்து, எடுக்காமலே இருந்தாள்.

"என்ன, யாரு?"

"படம் தெளிவா இல்ல மேடம். நிறுத்தி நிறுத்திப் பாக்கணும்."

"யூ நல்லாத் தெரியுதே. எனக்கே தெரியுது. யூ வேணும்னு இங்க வந்து கத்தினவன் யாரு?"

"யூ நாலு பேருக்குப் போட்டிருக்கேன் மேடம்." தன் குரல் எங்கிருந்து வருகிறது என்று அவளுக்கே தெரியவில்லை.

"நாலு மணிக்கு சைபர் பிரிவு இன்ஸ்பெக்டர் வராங்க. அதுக்குள்ள எனக்குப் பேர் வேணும்."

அவள் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் புருஷனுக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை. மூன்று தடவை. தலைவலி, மாத்திரை வாங்கி வருகிறேன் என்று பக்கத்து மேஜையில் சொல்லிவிட்டு இறங்கினாள். புருஷனின் மொபைல் ரிப்பேர் கடை இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி. பஸ்ஸுக்கு நிற்கப் பொறுமை இல்லாமல் நடந்தாள், நடை போதாமல் பாதி ஓடினாள். எதிரே வந்த போலீஸ் ஜீப் ஒன்று அவளைத் தாண்டிப் போகும்வரை மூச்சு விடவில்லை. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்று பிள்ளைகளுக்குச் சொல்வதுண்டு. அன்றைக்குத்தான் அதன் எடை தெரிந்தது.

அவர் ஒரு போனின் முதுகைத் திறந்துவைத்து, கண்ணில் சின்னப் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, அந்தப் பென் டிரைவ் எங்க?"

"வீட்லதான்."

"என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க."

கண்ணாடியைக் கழற்றினார். அவள் முகத்தைப் பார்த்ததும் எழுந்து ஷட்டரைப் பாதி இறக்கினார். உள்ளே இருட்டாகிவிட்டது. மேஜை விளக்கு மட்டும்.

"பேட்டரிக் கடைக்காரன்கிட்ட ஒரு நாள் குடுத்தேன்" என்றார். எதிர்க்கடைக்காரர், பத்து வருஷப் பழக்கம். "படம் பாக்கக் குடுக்கல. உன் பேரு வருதுன்னு சொன்னேன். நம்பமாட்டேன்னான். அவன் எப்பவும் அப்படித்தான், உன் பொண்டாட்டி டைப் அடிக்கிறவதானேம்பான். அதான் கடைசி மூணு நிமிஷத்தைப் பாருடான்னு குடுத்தேன். மறுநாளே திருப்பி வாங்கிட்டேன். ஏன், என்ன ஆச்சு?"

அவள் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து ஷட்டருக்கு அடியில் குனிந்து எதிர்க்கடையைப் பார்த்தார். பூட்டியிருந்தது. நண்பரின் போன் அணைந்திருந்தது.

"சத்தியமா எனக்குத் தெரியாது" என்றார். "அவன் இப்படிப் பண்ணுவான்னு..."

"நம்மள உள்ள வெப்பாங்களா?" என்று அவள் கேட்டாள். அவருக்குத் தெரியாது என்று தெரிந்தும் கேட்டாள்.

அவர் ஷட்டரை இன்னும் கொஞ்சம் இறக்கினார். பிறகு மெதுவாக, "ஒன்பதாவது ஒண்ணு இருக்குன்னு யாருக்குத் தெரியும்?" என்றார்.

"எனக்கு."

"உனக்கு மட்டும்தானே?"

அந்தக் கேள்வியை வழியெல்லாம் அவளே தன்னிடம் கேட்டுக்கொண்டுதான் வந்திருந்தாள். இப்போது அதை இன்னொரு வாயிலிருந்து கேட்டபோது அசிங்கமாக இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது. பெரியவளுக்குக் கல்லூரி, சின்னவனுக்குப் பத்தாம் வகுப்பு. தாயும் தகப்பனும் ஒரே நாளில் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தால் அதுகள் சாவி எங்கே என்று யாரைக் கேட்கும்?

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் திரும்பி வந்தாள். கண்ணாடி அறையில் கலர்காரர் உட்கார்ந்திருந்தார். முதலாளியம்மா பொறுக்கவில்லை, யூவை வைத்தே முடிவு கட்டிவிட்டார். அவருடைய போனும் பையும் மேஜைமேல் தனியாக எடுத்து வைக்கப்பட்டிருந்தன. வாசலில் காவலாளி. ஆபீஸ் முழுக்க யாரும் தட்டச்சு செய்யவில்லை, எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு வேலை செய்வதுபோல் உட்கார்ந்திருந்தார்கள். அவளைக் கண்டதும் கலர்காரர் எழுந்து கண்ணாடிக்கு அருகே வந்தார்.

"அக்கா, நல்லவேளை வந்துட்டீங்க. ஏதோ நோட்டு இருக்காமே உங்ககிட்ட. பாத்துச் சொல்லுங்கக்கா. நான் இல்லைன்னு சொல்லுங்க."

அவள் தலையை ஆட்டினாள். அது ஆமாம் என்றா இல்லை என்றா என்று அவருக்குப் புரிந்திருக்காது. நேராகக் கழிவறைக்குப் போனாள்.

கதவைத் தாழிட்டு, மூடியின்மேல் உட்கார்ந்து, நோட்டை முழங்காலில் விரித்தாள். நான்காவது வரிசை. கடைசியில் இசட். ரப்பரை எடுத்தாள். எட்டு காப்பியும் வெள்ளிக்கிழமையே திரும்பி வந்துவிட்டன. ஸ்டோர்க்காரர் சனிக்கிழமை எல்லாவற்றையும் அழித்திருப்பார், அதுதான் ஏற்பாடு. ஆக, இந்த நோட்டு என்ன சொல்கிறதோ அதுதான் உண்மை. அவள் தேய்த்தாள். ரப்பர் தூள் புடவையில் விழுந்தது, ஊதிவிட்டாள். அந்த இடத்தில் எஸ் என்று எழுதினாள். எழுத்து கோணலாக வந்தது, மறுபடி அழித்து எழுதினாள். இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. வெளியே யாரோ கதவைத் தட்டி, "அக்கா, கூப்பிடுறாங்க" என்றார்கள்.

இன்ஸ்பெக்டர் ஒரு பெண். அவள் வயதுதான் இருக்கும். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, மிகவும் சாதாரணமாக, "உக்காருங்கம்மா, பயப்படாதீங்க" என்றார். பயப்படாதீங்க என்று போலீஸ் சொல்லும்போது வருகிற பயம் தனி. கலர்காரரையும் கூட்டி வந்து ஓரமாக உட்கார வைத்தார்கள்.

"இந்த எழுத்து யோசனை உங்களுதாமே. நல்ல யோசனை" என்றார் இன்ஸ்பெக்டர். "சரி, வெளிய வந்தது எந்தக் காப்பி?"

அவள் கலர்காரரைப் பார்க்கவில்லை. மேஜை விளிம்பில் பெயர்ந்திருந்த மரத்துண்டு ஒன்றைப் பார்த்தாள்.

"நாலு" என்றாள்.

முதலாளியம்மா நாற்காலியில் சாய்ந்தார். "நான் அப்பவே சொன்னேன்" என்றார், யாருக்கும் இல்லாமல்.

கலர்காரர் அவளையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் குரல் வந்தபோது அதில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது. "என்னுதா? இருக்காதே. அக்கா, என் காப்பில ஆர்கனைசர் இசட்ல இருந்துச்சு. நீங்க எப்பவும் எஸ் போடுறவங்களாச்சே, இன்னைக்கு என்ன இசட் போட்டிருக்காங்கன்னு பாத்துட்டுச் சிரிச்சேன். வீட்லகூடச் சொன்னேன். இதுல என்ன இருக்கு?"

இன்ஸ்பெக்டர் கம்ப்யூட்டரை ஓட்டிப் பார்த்தார். "இதுல எஸ்" என்றார். நோட்டை வாங்கி நான்காவது வரிசையைப் பார்த்தார். "இதுலயும் எஸ்."

"அப்ப என் டிஸ்க்கைப் போட்டுப் பாருங்க மேடம். வெள்ளிக்கிழமை திருப்பிக் குடுத்தேன்."

"அதெல்லாம் அழிச்சாச்சு" என்றார் முதலாளியம்மா. இருந்தாலும் ஸ்டோருக்குப் போன் போட்டார். அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதிலை அவர் திருப்பிச் சொன்னார். "சனிக்கிழமை லீவாம். இன்னும் அழிக்கலையாம். எட்டும் பீரோவுலதான் இருக்காம்." பிறகு போனில், "நாலாம் நம்பரை எடுத்துட்டு மேல வா" என்றார்.

ஸ்டோர் தரைத்தளத்தில். லிஃப்ட் அந்த மாதம் முழுக்க ஓடவில்லை. மூன்று மாடி, பீரோ சாவி, ரசீதுப் புத்தகத்தில் கையெழுத்து, எப்படியும் பத்து நிமிஷம் ஆகும். அந்தப் பத்து நிமிஷத்தை டைட்டில் அக்கா சாகும்வரை மறக்க மாட்டாள். ஏசி ஓடுகிற அறையில் முதுகில் வேர்வை கோடு கோடாக இறங்கியது. சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று நினைத்து நினைத்துப் பார்த்தாள். எழுந்து ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. எங்கே ஓடுவது? இன்ஸ்பெக்டர் நோட்டைத் திருப்பிக் கொடுக்காமல், ஜன்னல் பக்கம் கொஞ்சம் சாய்த்து, வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஸ்டோர்க்காரருக்கு ஒரு கால் கொஞ்சம் இழுக்கும். அந்தச் சத்தம் அவளுக்குப் பழக்கம். இரண்டாவது மாடி. திருப்பம்.

"அது என் காப்பி" என்றாள்.

யாருக்கும் கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னாள். "நாலு இல்ல. ஒன்பதாவது ஒண்ணு இருக்கு. நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். நோட்டுல அழிச்சு எழுதினதும் நான்தான். தம்பிக்கு இதுல ஒண்ணும் தெரியாது."

மிச்சத்தையும் சொன்னாள். வீட்டு டிவி, புருஷன், பேட்டரிக் கடை. புருஷன் ஏன் கொடுத்தார் என்று இன்ஸ்பெக்டர் கேட்டபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. "என் பேரைக் காட்ட" என்று சொல்வதற்கு அத்தனை வெட்கமாக இருந்தது.

ஸ்டோர்க்காரர் டிஸ்க்கை மேஜைமேல் வைத்துவிட்டு, என்ன நடக்கிறது என்று புரியாமல் எல்லார் முகத்தையும் பார்த்துவிட்டுப் போனார். அதைப் போட்டுப் பார்த்தார்கள். இசட்தான்.

படி ஏறின அந்தச் செருப்புச் சத்தம் இல்லாமல் இருந்திருந்தால் வாயைத் திறந்திருப்பாளா? அவளை யாரும் கேட்கவில்லை, அவளே கேட்டுக்கொண்டாள், பல நாள். திறந்திருப்பேன் என்று சில நாள் தோன்றும். சில நாள் தோன்றாது.

முதலாளியம்மா கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கத்தவில்லை. "பதினஞ்சு வருஷம்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று சாயங்காலம் அவளும் புருஷனும் ஸ்டேஷனில் எதிரெதிர் அறையில் உட்கார்ந்து ஒரே கதையைத் தனித்தனியாகச் சொன்னார்கள். பிள்ளைகளை அவள் தங்கை வந்து அழைத்துப் போனாள். எட்டு மணிக்கு, கூப்பிடும்போது வர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். பேட்டரிக் கடைக்காரர் மூன்றாம் நாள் மாட்டினார். அவரும் படத்தை விற்கவில்லை, மைத்துனனுக்கு அனுப்பியிருக்கிறார். மைத்துனன்தான் காசுக்குக் கைமாற்றியவன். படம் வெள்ளிக்கிழமை வெளியானது, சுமாராக ஓடியது. திருட்டுக் காப்பி இல்லாவிட்டால் நன்றாக ஓடியிருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் முதலாளியம்மா அப்படித்தான் நம்புகிறார், அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

அவளுக்கு வேலை போயிற்று. பட்டியலில் நானூற்றுப் பதினோரு பெயர் ஓடியது. வழக்கில் புருஷன் குற்றவாளி இல்லை, சாட்சிதான் என்று முடிவாக எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதமும் வாசலில் யார் மணி அடித்தாலும் வீட்டில் நாலு பேரும் ஒரு கணம் அப்படியே நிற்பார்கள். பிறகு யாராவது ஒருத்தர் போய்த் திறப்பார்கள், பால்காரராக இருக்கும். இப்போது ஊரின் மறு கோடியில் ஒரு கம்பெனியில், வெளிநாட்டுத் தொடர்களுக்கு வசனம் அடித்துப் போடும் வேலை பார்க்கிறாள். சேரும்போது ஏன் பழைய இடத்தை விட்டீர்கள் என்று கேட்டார்கள். மறைக்காமல் சொன்னாள். மூன்று மாதம் பார்க்கிறோம் என்றார்கள். மூன்று மாதம் முடிந்தது, போகச் சொல்லவில்லை.

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கலர்காரர் வீட்டுக்குப் போனாள். போவதா வேண்டாமா என்று நாலு வாரம் யோசித்து, தெருமுனை வரை வந்து இரண்டு தடவை திரும்பிப் போனவள்தான். அவர் மனைவி கதவைத் திறந்து, யாரென்று தெரிந்ததும் ஒரு கணம் தயங்கி, உள்ளே வரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. அதற்குப் பின்னால் ரேடியோ மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தது, பிறகு அதுவும் நின்றது. அவர் வரவில்லை. இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தாள்.

மனைவி படி வரை வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "யாரோ மாட்டிவிட்டிருந்தா இவ்வளவு மனசு விட்டுப் போயிருக்காதுக்கா" என்றார். "நீங்க வந்தீங்கன்னதும் அங்க எழுந்து நின்னாராம், தப்பிச்சோம்னு. அதையேதான் சொல்லிட்டிருக்காரு. இனிமே வராதீங்க. ஆறட்டும். ஆறினா அவரே வருவாரு."

சரி என்று சொல்லிவிட்டு இறங்கினாள். வருஷம் ஒன்றரை ஆகிறது, அவர் இன்னும் வரவில்லை.